சிவப்பு நாடா கட்டாத ஸ்டியரிங்

ரூடிகரின் சாம்பல் நிற ஸ்போர்ட்ஸ் காருக்கு, சக்கரத் தட்டைக் கவ்வி நிறுத்தும் பிரேக் பேடுகள் இரண்டு செட் உண்டு. ஒன்று ரோட்டுக்கு, ஒன்று ரிங்குக்கு. ரோட்டுப் பேடு சமர்த்து. மிதித்த மாத்திரத்தில் பிடிக்கும், சத்தம் போடாது. ஆனால் ரிங்கில் வளைவுக்கு வளைவு மிதித்தால் சூடேறிக் கைவிட்டுவிடும். ரிங் பேடு அதற்கு நேர்மாறு. கொதிக்கக் கொதிக்கத்தான் அதற்கு வேலை செய்ய மனசு வரும். குளிரில் அதை மிதிப்பது சோம்பேறி மருமகனை வேலைக்கு எழுப்புகிற கதைதான். எழுந்திருப்பான், ஆனால் நமக்கு வேண்டிய நேரத்தில் அல்ல.

ரிங் என்றால் எங்கள் ஐஃபெல் மலைப்பகுதிக் காட்டுக்குள் ஏறி இறங்கி வளைந்து ஓடும் பந்தயப் பாதை. பந்தயம் இல்லாத நாட்களில் வாசலில் பணம் கட்டிவிட்டு யார் வேண்டுமானாலும் தன் காரோடு உள்ளே போகலாம். ஊரில் பாதிப் பேருக்கு அதனால் பிழைப்பு, மீதிப் பேருக்கு அதனால் தலைவலி. ரூடிகர் இரண்டிலும் சேராதவன். மர ஆலையில் வேலை, ஞாயிற்றுக்கிழமையில் ரிங். அவ்வளவுதான் அவன்.

எங்கள் பக்கம் எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. வண்டியில் ரிங் பேடு மாட்டியிருந்தால் ஸ்டியரிங்கில் ஒரு சிவப்பு நாடா கட்ட வேண்டும். மனைவியோ தம்பியோ தெரியாமல் சாவியை எடுத்துக்கொண்டு காலைக் குளிரில் கிளம்பிவிடக் கூடாதல்லவா? வாங்கிய ஸ்பானரைத் திருப்பித் தந்ததாகச் சரித்திரமே இல்லாத ரூடிகரின் கூட்டாளி யுப் கூட இந்த ஒரு விஷயத்தில் ஒழுங்கு. பேடை மாற்றினால் நாடா, நாடாவை அவிழ்த்தால் பேடு மாற்றியாயிற்று என்று அர்த்தம்.

ரூடிகருக்கு இரண்டு வருஷம் முன்பு ரிங்கில் தடுப்புக் கம்பியில் மோதி தோள்பட்டை எலும்பு உடைந்தது. அவன் மனைவி சில்கே ஆஸ்பத்திரியில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அழாமல், திட்டாமல், ஒரே ஒரு வாக்கு வாங்கினாள். இனி ரிங் கிடையாது, ரோடு மட்டும். அவனும் கொடுத்தான். கொடுக்கும்போது உண்மையாகத்தான் கொடுத்தான்.

போன இலையுதிர் காலத்தில் பிரேக்கை மொத்தமாக மாற்றினான். தட்டு அளவுக்குப் பெரிய டிஸ்க்குகள், சக்கரத்துக்குள் இடிக்காமல் கஷ்டப்பட்டு நுழைந்த, பேடைத் தாங்கும் காலிப்பர்கள், எஃகுக் கம்பி பின்னிய ஹோஸ்கள், கொதிக்காத பிரேக் ஆயில். கைகால் எல்லாம் கருப்பாக்கிக்கொண்டு கொட்டகையில் கிடந்தவனைச் சில்கே எட்டிப் பார்த்தாள்.

"ரோட்டுக்குத்தானே இதெல்லாம்?"

"பின்ன? நம்ம மலை இறக்கத்துல எவ்ளோ வழுக்குதுன்னு உனக்கே தெரியும். உனக்காகத்தான் செய்யறேன்."

பேடு ரெண்டு செட் வாங்கியதை அவன் சொல்லவில்லை. கேட்டால் சொல்லலாம் என்று இருந்தான். அவள் கேட்கவில்லை.

குளிர்காலம் முழுக்க நல்ல பிள்ளையாக இருந்தவனை ஏப்ரலில் யுப்தான் கிளப்பிவிட்டான். ஆனால் எல்லாப் பழியையும் யுப் மேல் போட முடியாது. எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றினான், கொள்ளி ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது.

"டேய், அவ்ளோ பெரிய டிஸ்க்கைப் போட்டுட்டு எங்கடா போற, ரொட்டிக் கடைக்கா? யானையைக் கட்டிவெச்சு அதுமேல துணி காயப்போடற மாதிரி இருக்கு!"

"வாக்குக் குடுத்திருக்கேன்டா."

"சில்கே ஞாயித்துக்கிழமை அவ அக்கா வீட்டுக்கு ட்ரியர் போறாளாமே?"

போனாள். ரூடிகரும் போனான். ரிங் பேடுகளை மாட்டினான். நாடாவைக் கையில் எடுத்தான், எடுத்துவிட்டு டாஷ்போர்டுப் பெட்டிக்குள்ளேயே திரும்பப் போட்டான். எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு ஜோடிக் கண் எப்போதும் உண்டு. ஸ்டியரிங்கில் சிவப்பு நாடா தொங்கினால் எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று அதுவே சொல்லிவிடும்.

அன்று ரிங்கில் அவனுக்குக் கிடைத்த சந்தோஷத்தை மறைப்பதில் பயனில்லை. நான்கு சுற்று. இறக்கத்தில் முழு வேகத்தில் போய் வளைவுக்கு முன்னால் மிதித்தால், யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்த மாதிரி வண்டி அடங்கியது. சுற்றுக்குச் சுற்று மிதி அதே இடத்தில், அதே பலத்தில். தன் கையால் செய்த வேலை பிசகாமல் நிற்பதைப் பார்த்து ஹெல்மெட்டுக்குள் தனியாகச் சிரித்தான்.

முடிந்ததும் நிறுத்துமிடத்திலேயே பேடுகளை மாற்றிவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவது வழக்கம். ஆலங்கட்டி மழை பிடித்துக்கொண்டது. யுப் உருளைக்கிழங்கு அடையும் பீரும் வாங்கித் தருகிறேன் என்றான். யுப் வாங்கித் தருவது கிரகணம் மாதிரி, அதை விட்டால் அடுத்தது எப்போதோ. நாளை சாயங்காலம் மாற்றிக்கொள்ளலாம், சில்கேதான் தன் வண்டியில் போவாளே என்று ரூடிகர் நினைத்தான்.

சில்கே ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியை. ஊரில் நாற்பது வயதுக்குக் கீழே இருக்கிற எவனைக் கேட்டாலும் அவளிடம் திட்டு வாங்கித்தான் லைசென்ஸ் வாங்கியிருப்பான். "கண்ணாடியைப் பாரு! தலை வாரறதுக்கு வெச்ச கண்ணாடி இல்ல அது!" என்ற குரல் வண்டிக்கு வெளியே கேட்கும். பள்ளி வண்டியில் ஆசிரியர் பக்கத்திலும் ஒரு பிரேக் மிதி இருக்கும். மாணவனுக்குப் பயம் தோன்றும் முன்னே அவள் கால் அங்கே இருக்கும் என்பார்கள்.

திங்கட்கிழமை ரூடிகர் ஆலை வேனில் விடியலிலேயே போய்விட்டான். பள்ளி வண்டியின் டயர் காற்றில்லாமல் சப்பையாக நின்றது. புல்லெல்லாம் உறைபனி. முதல் மாணவி காத்திருப்பாள் என்று சில்கே ஆணியில் தொங்கிய சாம்பல் காரின் சாவியை எடுத்துக்கொண்டாள். ஸ்டியரிங்கையும் பார்த்தாள். நாடா இல்லை.

மலை இறக்கம் முடிகிற இடத்தில், தேவாலயத்துக்கு முன்னால் நடைபாதைக் கோடுகள். தபால்காரர் எங்கெல்பெர்ட் மஞ்சள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடந்துகொண்டிருந்தார். சில்கே நல்ல தூரத்திலேயே மிதித்தாள். வண்டி கிறீச்சென்று கத்தியது, ஆனால் நிற்கவில்லை. இன்னும் அழுத்தினாள். அது நின்றபோது எங்கெல்பெர்ட்டின் கால் சைக்கிளுக்கும் பம்பருக்கும் நடுவில் இருந்தது, தபால்கள் ரோடு முழுக்கப் பறந்து கிடந்தன.

ஆலைக்கு ரூடிகரைத் தேடிப் போன் வந்தது. "காலு உடைஞ்சிருக்கு, ரூடிகர். உயிருக்கு ஒண்ணுமில்ல. நான் அவர்கூட ஆஸ்பத்திரில இருக்கேன்" என்றாள் சில்கே. அப்புறம், "பிரேக்ல எதாவது இருக்குமா?" என்று கேட்டாள்.

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். நாலு வார்த்தை போதும். "நான் பாக்கறேன்" என்று சொன்னான்.

இழுவை வண்டிக்காரர் காரை முற்றத்தில் இறக்கிவிட்டுப் போயிருந்தார். மறுநாள் காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து வண்டியைச் சோதிக்க ஆள் வரும் என்று தகவல். ரூடிகர் கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு மத்தியானமே நான்கு சக்கரங்களையும் கழற்றினான். ரிங் பேடுகளை எடுத்தான், ரோட்டுப் பேடுகளைப் போட்டான். டிஸ்க்கில் ரிங் பேடு விட்டிருந்த படிவை உப்புத்தாள் வைத்துத் தேய்த்தான். அவன் செய்த பிரேக் வேலைகளிலேயே அவ்வளவு சுத்தமாக வேறு எதையும் செய்ததில்லை. கை வேலை செய்துகொண்டே இருந்தது. இது என்ன வேலை என்று நெஞ்சு கேட்டதற்குக் கை பதில் சொல்லவில்லை.

மறுநாள் வந்தது ஓர் அம்மாள். கொட்டகையில் குனிந்து நிமிர்ந்து பார்த்தார், ஓட்டிப் பார்த்தார், சில்கேயை வைத்துக்கொண்டே சொன்னார். "இந்த ஊர்ல இவ்வளவு நல்ல பிரேக் உள்ள வண்டியை நான் பார்த்ததில்ல. உங்க வீட்டுக்காரர் பிரமாதமா செஞ்சிருக்கார். வண்டி மேல ஒரு குறையும் சொல்ல முடியாதும்மா."

சில்கே தலையாட்டினாள். அன்றிலிருந்து அவளுக்கு வேறு காரணம் தேட வழியில்லாமல் போயிற்று.

"மிதிச்ச மாதிரிதான் எனக்கு இருந்துது" என்றாள் சாப்பாட்டு மேஜையில். "ஆனா வண்டி நிக்கல. அப்போ நான் மிதிக்கல. மிதிச்சேன்னு நினைச்சிருக்கேன், அவ்ளோதான்."

"பனி. ரோடு வழுக்கியிருக்கும்."

"பனி உருக ரோட்டுல உப்புப் போட்டிருந்தாங்க. ஒரு கிறீச் சத்தம் கேட்டுது, ரூடிகர். ரயில் நிக்கற மாதிரி."

"பயத்துல அப்படித்தான் ஏதாவது கேக்கும்" என்றான் ரூடிகர். சொல்லி முடிக்கும் முன்னே தன் நாக்கின் மேல் அவனுக்கே அருவருப்பு வந்தது.

சில்கேயின் அப்பா லாரி ஓட்டினவர். நடுக்குவாதம் அவருக்குக் கையில் ஆரம்பிக்கவில்லை, காலில் ஆரம்பித்தது. மூளை சொல்வதைக் கால் கொஞ்சம் தாமதமாகக் கேட்கத் தொடங்கியது. கடைசியில் ஸ்பூனைக்கூட அடுத்தவர் பிடிக்க வேண்டியிருந்தது. சில்கே அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஆனால் ரூடிகர் ஒரு சாயங்காலம் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தான். முற்றத்தில் நின்ற பள்ளி வண்டிக்குள், இன்ஜினைப் போடாமல், அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். ஒரு கையால் கதவைத் தட்டுவாள், உடனே காலை மிதிப்பாள். மறுபடி தட்டுவாள், மிதிப்பாள். தன் காலுக்குத் தானே பரீட்சை வைத்துக்கொண்டிருந்தாள். ரூடிகர் பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டு, குழாயை மட்டும் ஓடவிட்டு நின்றான்.

நரம்பு டாக்டரிடம் அவன்தான் கூட்டிக்கொண்டு போனான். டாக்டர் தட்டிப் பார்த்தார், நடக்கச் சொன்னார், ஒன்றும் தெரியவில்லை என்றார். "ஆரம்பத்துல தெரியாமலும் இருக்கலாம், ஆறு மாசம் கழிச்சு வாங்க" என்றார். ஒன்றுமில்லை என்று சொன்ன டாக்டரே ஏதோ இருப்பது போலவும் சொல்லி அனுப்பிவிட்டார்.

யுப்புக்கு விஷயம் தெரியாமலா இருக்கும்? ஆலை வாசலிலேயே மடக்கிப் பிடித்தான்.

"அன்னிக்கு நீ பேடை மாத்தல. மழைல என்கூட அடை தின்னுட்டு இருந்த."

"மெதுவாப் பேசுடா."

"என்னடா மெதுவா? ஊர்ல என்ன பேசறாங்க தெரியுமா? டீச்சரம்மாவுக்குக் கண்ணு போயிடுச்சு, காலு போயிடுச்சுன்னு. வாடகை வண்டிக்காரன்ல இருந்து ரொட்டிக் கடைக்காரி வரைக்கும்!"

"சொன்னா காப்பீடு போயிடும். கேஸு என் மேல வரும். அதையெல்லாம் தாங்கிக்கலாம். அவ முகத்தைத்தான்டா…"

யுப் ஒருநாளும் ஒழுக்கம் பேசாதவன். அதனால்தான் அவன் சொன்னது உறைத்தது. "என்கிட்ட இருக்கற ஸ்பானர்ல பாதி உன்னுது. நான் திருடன்தான், ஒத்துக்கறேன். ஆனா நான் யாரோட காலையும் திருடல."

வியாழக்கிழமை ராச்சாப்பாட்டில் சில்கே ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள், நாளைக்கு லைசென்ஸ் ஆபீசுக்குப் போய் ஆசிரியை உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிடப் போகிறாளாம். "பிள்ளைங்க பக்கத்துல உக்காந்திருக்கேன். எனக்கே தெரியாத காலை நம்பி அவங்களை ரோட்டுல விடலாமா?"

"அவசரப்படாத."

"அவசரமா? நிக்க வேண்டிய இடத்துல நிக்காதவ நான்." பிறகு சிரிக்கப் பார்த்தாள். "நீ இருக்கல்ல. இனிமே நீ ஓட்டு, நான் பக்கத்துல உக்காந்துக்கறேன். உன் கையில வண்டி இருந்தா எனக்குப் பயமில்ல."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். இதைத் தாங்க முடியவில்லை. எழுந்து கொட்டகைக்குப் போய், மர அலமாரிக்குப் பின்னால் பழைய சாக்கில் சுற்றி வைத்திருந்த ரிங் பேடுகளின் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். வாயால் சொன்னால் அவள் நம்பமாட்டாள் என்று பட்டது. தன்னைத் தேற்றுவதற்காகப் பழியை இழுத்துப் போட்டுக்கொள்கிறான் என்பாள். அவளைப் பொய்யை நம்ப வைத்தது அவள் கால். உண்மையையும் கால்தான் அவளுக்குச் சொல்ல வேண்டும்.

காலையில் ரிங் பேடுகளை மாட்டினான். மறுபடியும் புல்லில் உறைபனி. சில்கே கோட்டும் கைப்பையுமாக வாசலுக்கு வந்தாள்.

"இந்த வண்டிலயா போறோம்?"

"முதல்ல பின்னாடி மைதானத்துக்கு."

வீட்டுக்குப் பின்னால், ரிங்குக்கு வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை வண்டி நிறுத்துகிற சரிவு மைதானம். வாரநாளில் அங்கே முயல்கூட இருக்காது. ரூடிகர் இறங்கி மறுபக்கம் வந்து கதவைத் திறந்தான்.

"நீ ஓட்டு."

"என்னால முடியாது, ரூடிகர். வேண்டாம்."

"ஒரே தடவை. வேகமாக்கூட வேண்டாம். அந்தக் கம்பத்துக்கிட்ட வந்ததும் எப்பவும் மிதிக்கற மாதிரி மிதி. எனக்காக."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வண்டி சரிவில் இறங்கியது. கம்பம் வந்தது. மிதித்தாள். கிறீச்சென்ற சத்தம் மைதானம் முழுக்க எழுந்தது, வண்டி கம்பத்தைத் தாண்டிப் போய், புல்லில் நெடுந்தூரம் தள்ளி, வேண்டா வெறுப்பாக நின்றது.

சில்கே ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி இருந்தாள். அப்புறம் அவன் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் இருந்தது சந்தோஷம். வெறும் சந்தோஷம். ரூடிகர் எதற்கு வேண்டுமானாலும் தயாராக வந்திருந்தான், இதற்கு இல்லை.

"இதுதான்! இந்தச் சத்தம்தான்! நான் மிதிச்சேன், நீ பாத்தல்ல? நல்லாத்தானே மிதிச்சேன்! என் காலு இல்ல… ரூடிகர், என் காலு இல்ல! பிரேக்தான்! ஆனா அந்தம்மா பாத்துட்டு ஒரு குறையும் இல்லன்னு…"

பேச்சு அங்கே நின்றது. ரூடிகர் டாஷ்போர்டுப் பெட்டியைத் திறந்து சிவப்பு நாடாவை எடுத்தான். அவள் கைகளுக்கு நடுவில் ஸ்டியரிங்கில் கட்டினான். ரிங்குக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. சந்தோஷம் அவள் முகத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

"ட்ரியர் போனேனே, அன்னிக்கா?"

"ஆமா."

"திரும்ப எப்போ மாத்தின?"

"திங்கக்கிழமை மத்தியானம்."

"நான் எங்கெல்பெர்ட் கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தப்போ."

"ஆமா."

"டாக்டர்கிட்ட நீதான் கூட்டிட்டுப் போன. வெளில உக்காந்து பத்திரிகை படிச்ச."

"படிக்கல."

"கையில வெச்சிருந்த."

ரூடிகருக்கு மன்னித்துவிடு என்ற வார்த்தை தொண்டைவரை வந்தது. அதைக் கேட்கக்கூடத் தனக்கு வாயில்லை என்று விழுங்கினான்.

"எங்கப்பாவை நினைச்சு ராத்திரியெல்லாம் முழிச்சுக் கிடந்தேன்" என்றாள் சில்கே. "நீ பக்கத்துலதான் படுத்திருந்த." இறங்கினாள். வண்டியைச் சுற்றி வந்து அவன் பக்கக் கதவைத் திறந்தாள். வகுப்பில் பேசுகிற குரல் வந்துவிட்டிருந்தது. "இறங்கு. நீ ஓட்டு. முதல்ல எங்கெல்பெர்ட் வீடு. அப்புறம் போலீஸ் ஸ்டேஷன். இந்தப் பேடோட மலை இறங்கத் தெரியுமில்ல?"

தெரியும். மேலிருந்தே பிரேக்கை லேசாக மிதித்து மிதித்துச் சூடேற்றிக்கொண்டு, நடக்கிறவன் வேகத்தில் இறங்கினான். அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். தேவாலயத்துக்கு முன்னால், அதே கோடுகளுக்குச் சற்று மேலே, ஒரு நாய் குறுக்கே ஓடியது. ரூடிகர் மிதித்தான். அதற்கு முன்னாலேயே பக்கத்தில் டொக்கென்று ஒரு சத்தம். சில்கேயின் வலது கால், மிதியே இல்லாத தரையை அழுத்திக்கொண்டிருந்தது. இருவரும் குனிந்து அந்தக் காலைப் பார்த்தார்கள். அவள்தான் முதலில் பார்வையை எடுத்தாள். கைப்பையிலிருந்து கைக்குட்டையைத் தேடினாள்.

எங்கெல்பெர்ட் வீட்டு வாசலில் அவள் இறங்கவில்லை. "நீ போய்ச் சொல்லு. நான் இங்கேருந்து பாத்துட்டு இருப்பேன்."

எங்கெல்பெர்ட் ஊன்றுகோலோடு கதவைத் திறந்தார். கட்டுப்போட்ட காலில் யாரோ பேரப்பிள்ளை கார் படம் வரைந்திருந்தது. ரூடிகரைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு.

"வாப்பா, வா! கேக் எதுவும் கொண்டுவரலையா? போனவாரம் டீச்சரம்மா கொண்டுவந்தது தீர்ந்துபோச்சு. பாவம், இங்க உக்காந்து அப்படி அழுதுது. எனக்கே சங்கடமாப் போச்சு. அவகிட்ட சொல்லு, எனக்குக் கோபமெல்லாம் இல்ல. நான் எப்பவோ மன்னிச்சிட்டேன்."

"அவளை மன்னிக்காதீங்க, எங்கெல்பெர்ட்" என்றான் ரூடிகர். "மன்னிக்கறதுக்கு அவ ஒண்ணும் பண்ணல."

வாசல்படியில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். ரிங், மழை, நாடா, உப்புத்தாள், டாக்டரிடம் காத்திருந்தபோது கையில் வைத்திருந்த பத்திரிகை வரைக்கும். ஒன்றையும் தனக்குச் சாதகமாகத் திருப்பவில்லை. எங்கெல்பெர்ட் குறுக்கிடாமல் கேட்டார். சிரிப்பு போயிருந்தது. கேட்டு முடித்ததும் அவனைத் தாண்டி, ஸ்டியரிங்கில் சிவப்பு நாடா தொங்குகிற காருக்குள் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார்.

"அவளை உள்ள வரச் சொல்லு, குளிருது" என்றார். "நீ இங்கயே நில்லு."

ரூடிகர் போய்ச் சொன்னான். சில்கே அவனைக் கடந்து உள்ளே போனாள், கதவு சாத்திக்கொண்டது. அவன் வாசலிலேயே நின்றான்.